சேர் விட்டுச்சென்ற மஞ்சள் ஒளி

பௌதிகவியல் சேர் காலமான செய்தி வந்த நாளிலிருந்து நம்மவர்கள் தொலைபேசியில் பேசுவது ஒரே பாடத்தைப் பற்றித்தான். தொண்ணூறுகளின் வன்னியில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. குப்பி விளக்குச் சுவாலையில் உப்புத் தூளைத் தூவி, எழும் மஞ்சளைக் காட்டித்தான் அருட்டப்பட்ட, அதாவது கூடுதல் சக்தி ஏற்றப்பட்ட, அணுவைப் பற்றிய பாடத்தைத் தொடங்குவார்.

அருட்டப்பட்ட சோடியம் அணுவிடம் 2.1 இலத்திரன்வோல்ற்று (அணுவளவில் சக்தியை அளக்கும் அலகு) கூடுதல் சக்தி இருக்கும். தனியே விட்டால் சுமார் 16 நனோசெக்கனில் அதை 589 நனோமீற்றர் ஒளியாக விட்டுவிடும். சுவாலையில் அவ்வளவு அவகாசம் கிடைக்காது. காற்றிலுள்ள நைதரசன் மூலக்கூறு முந்திவந்து மோதி, பெரும்பாலான அணுக்களின் சக்தியை ஒளியாகுமுன்பே வாங்கிவிடும். நாம் காணும் மஞ்சள் தப்பிய பங்கு மட்டுமே. அணுக்களைத் திரும்பத் திரும்ப அருட்டுவதும் அதே சூடான நைதரசன்தான். பரீட்சைக்கு வராத இந்த மறுபாதியைச் சேர் ஒருநாளும் விட்டதில்லை.

ஆகன் வாயு இப்படி ஒளியை அணைக்காது. அது தனி அணு; அதிர்வதற்குப் பிணைப்பில்லை. 2.1 இலத்திரன்வோல்ற்று முழுவதையும் ஓட்டமாக, அதாவது இயக்கச் சக்தியாக, மாற்றவேண்டும், அது மிக அரிது. நைதரசனின் பிணைப்பு அதிரும் சக்தி படிபடியாகவே ஏறும்; ஓர் அதிர்வுப்படி 0.29 இலத்திரன்வோல்ற்று. ஏழு படி ஏறினால் கணக்குச் சரிவரும் என்று தோன்றும். ஆனால் அணுக்களையும் மூலக்கூறுகளையும் கற்றைகளாக மோதவிட்ட பரிசோதனைகளில் மூன்று, நான்கு படிகளே அதிகம் கிடைத்தன. மிச்சம் ஓட்டமாகப் போனது. நெருங்கும்போது சோடியத்தின் வெளி இலத்திரன் நைதரசன் பக்கம் சாய்ந்து பிணைப்பை நீட்டுகிறது. அது திரும்பியதும் நீண்ட பிணைப்பு அதிரத் தொடங்குகிறது. ஈலியம் தன் சக்தியை நியோனுக்கு மோதிக் கொடுக்கும் ஈலியம்–நியோன் லேசரில், ஈலியத்தின் 20.61 இலத்திரன்வோல்ற்றுக்கு நியோனின் 20.66 பொருந்துவதே முக்கியம். இங்கே இலத்திரன் போகும் வழிதான் முக்கியம்.

இதைச் செய்துகாட்ட, வெற்றிடமாக்கிய கண்ணாடிக் குமிழில் துளி சோடியம் வைத்து 130 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, சோடிய விளக்கொளியை விழுத்தவேண்டும். 10 மில்லிமீற்றர் இரச அமுக்கமளவு நைதரசன் விட்டாலே சோடிய ஆவியின் மினுக்கம் ஏறத்தாழப் பாதியாகும். அதேயளவு ஆகனுக்கு அப்படி மங்காது. கூடச் சூடாக்கினால் ஆவி தன் ஒளியையே மீண்டும் உறிஞ்சி அளவைக் கெடுக்கும். நைதரசனில் சிறிது ஒட்சிசன் கலந்திருந்தாலும் சோடியம் ஒட்சைட்டாகிவிடும். அணுக்கள் குறைந்ததால் வந்த மங்கலை மோதுகையின் கணக்கில் எழுதிவிடுவோம்.

இந்தக் குமிழைச் சேர் சோக்கால் வரைந்துதான் காட்டினார். இப்படியான கருவிகள் உள்ள கட்டடங்களில் எங்களில் சிலர் இங்கே வெளிநாட்டில் வேலை பார்க்கிறோம். அவர் இருந்த காலத்தில் ஒன்றையாவது அங்கே அனுப்பியிருக்கலாம். சங்கம் அவர் நினைவாக ஏதும் செய்வதானால், குமிழ், சோடிய விளக்கு, சிறிய வெற்றிடப் பம்பி, நைதரசன், ஆகன் இரண்டுக்கும் சிலிண்டர்கள் என்று பட்டியலைத் தொடங்குவோம்.