உறுதியில் இல்லாத பெயர்

1982ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு. ‘குடும்பம் சமூகத்தின் அடிப்படை அலகு’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, எங்கள் சமூகக்கல்வி ரீச்சர் வெண்கட்டியை மேசையில் வைத்தார். “பிள்ளையள், உங்கட வீட்டு உறுதி ஆற்றை பேரில கிடக்குதெண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ.” உறுதி என்றால் வீடு, காணியின் உரிமைப் பத்திரம். அன்றைக்கு வீட்டுவேலை அவ்வளவுதான்.

அடுத்த நாள் வகுப்பில் 34 பேர். 27 பேர் “அம்மான்ரை” என்றோம். மூன்று பேருக்கு அம்மம்மாவின் பெயர். புத்தகத்துப் படத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்த குடும்பத் தலைவரோ அப்பா!

அந்த ஒரு பாடவேளையில்தான் தேசவழமை என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்த, யாழ்ப்பாணத் தமிழரான எங்கள் வழமைச் சட்டம். வழிவழியாக வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம், கலியாணத்துக்குப் பிறகு உழைத்துச் சேர்ப்பது தேடியதேட்டம். பெரியம்மாவும் சின்னம்மாவும் எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே இருக்க, மாமா மட்டும் ஏன் வேறு ஊரில் இருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அம்மம்மாவின் வளவு பெண்களுக்குப் பிரிந்தது. ஆண்கள் மனைவி வீட்டுக்குப் போனார்கள்.

ரீச்சர் அதோடு விடவில்லை. “வீடு அம்மான்ரை. ஆனால் விக்கிறதெண்டால் அப்பா எழுத்தில சம்மதம் குடுக்கவேணும். யோசிச்சுப் பாருங்கோ.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அந்த வீட்டுக்கு உழைச்ச ஆக்கள் ஆர்? அவையின்ரை பேர் உறுதியில எங்கை கிடக்கு?”

எனக்கு அண்ணாவின் நினைவு வந்தது. அவர் சவூதிக்குப் போய் அப்போது இரண்டு வருடம். மாதம் தவறாமல் காசு வரும். அது கல்லாகும், சீமெந்தாகும், என் பெயருக்கு ஒரு வீடாகும். 1989இல் என் கலியாணத்துக்கு அந்த வீடு சீதனமானது. அடுத்த வருடம் ஆனி மாதம், போர் மூண்டு, எங்கள் ஊர் இருந்த வலிகாமம் வடக்கை விட்டு எல்லோரும் ஓடினோம். ஒரு வருடம்கூட நான் அதில் முழுதாகச் சமைத்துச் சாப்பிடவில்லை. அண்ணாவுக்குக் கலியாணமானபோது வயது 38.

ரொறன்ரோவில் சமூகப்பணி படிக்கப்போன மாலை வகுப்புகளில் ரீச்சரை அடிக்கடி நினைப்பேன். 250 சமூகங்களை ஒப்பிட்டு 1949இல் மானிடவியலாளர் மேர்டொக் எழுதியது, குடும்பத்துக்கு நான்கு பணிகள் உண்டு என்பது. சமூகவியலாளர் தல்கொட் பார்சன்ஸ், உறவினர் பாரமில்லாத சிறு குடும்பமே தொழில் தேடி இடம்பெயரத் தோதானது, கைத்தொழில் சமூகத்துக்குப் பொருத்தமானது என்றார். என் அண்ணா இடம்பெயர்ந்ததே உறவினருக்காக! பார்சன்சின் கணக்கில் அவருக்கு இடமில்லை. மார்க்சின் தோழர் எங்கெல்ஸ் 1884இல் குடும்பத்தையும் சொத்தையும் சேர்த்து வைத்துப் பேசியதுதான் எனக்கு நெருக்கமாகப் பட்டது. ஆனால் அவரும் தங்கைக்காகக் காய்ந்த ஒரு தமையனைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கள் ரீச்சர் கேட்டார். அதனால்தான் இந்த மலரில் அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

2017இல் எங்கள் காணி இராணுவத்திடமிருந்து விடுபட்டது. அண்ணாவும் நானும் போனோம். வீடு இல்லை, அத்திவாரமும் கிணறும்தான். காணியை உங்கள் பெயருக்கு எழுதித்தாறேன் என்றேன். “விசர்க் கதை கதையாதை தங்கச்சி, அது உன்ரை மகளுக்கு” என்றார், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபடியே.

போன மாதம் மகள் அந்த உறுதியைக் கேட்டாள். பிஸ்கற் தகரத்தில் பொலித்தீன் சுற்றி ஓட்டம் முழுக்க என்னோடு வந்த கடதாசி, மடிப்புகள் கிழிந்திருக்கின்றன. மேசையில் விரித்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள். நான்கு பரப்புக் காணி, நாலு பக்க எல்லை, பங்குக் கிணறு, வழிவாய்க்கால், கொடுப்பவர்களாக அப்பாவும் அம்மாவும், பெறுபவளாக நான். கடைசியில், நொத்தாரிசின் கையெழுத்துக்கு மேலே சாட்சிகள் இருவர். லீவில் வந்திருந்த அண்ணா இரண்டாவது சாட்சியாகக் கையெழுத்து வைத்திருந்தார்.

அவள் அந்தப் பெயரில் விரலை வைத்து நிமிர்ந்தாள்.

“அம்மா, மாமா ஏன் கீழை நிக்கிறார்?”