நந்தியாவட்டைப் புழு

அக்டோபர் 6
நந்தியாவட்டைக் கொழுந்தில் நாலு முட்டை. அரளி விட்டில் ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போகாது. இலைக்கு ஒன்றாக ஒட்டும். உருண்டை, வெளிர்பச்சை, ஒன்றரை மில்லிமீட்டர். இலையோடு கிள்ளி டப்பாவில் போட்டாயிற்று. அடியில் டிஷ்யூ காகிதம்.

அக்டோபர் 8
மூன்று மஞ்சளாகத் திரும்புகின்றன. ஒன்று கன்னங்கரேல் என்றாகிவிட்டது. உள்ளே இருப்பது முட்டைக் குளவி, பிற பூச்சிகளின் முட்டைக்குள் வளரும் ஒட்டுண்ணி. அதை எடுத்துத் தனியே வைக்க வேண்டும்.

அக்டோபர் 10
பொரிந்துவிட்டன. மூன்று நாலு மில்லிமீட்டர் மஞ்சள் உடம்பு, அதற்குச் சற்றும் பொருந்தாத நீளத்தில் கறுப்புக் கொம்பு. விரலால் எடுத்தால் நசுங்கும். பிரஷ் நுனிதான் சரி. நந்தியாவட்டையில் தொடங்கினால் அதிலேயே முடிப்பது உத்தமம். நடுவில் அரளிக்கு மாற்றினால் தின்னாமல் முரண்டு பிடிக்கும்.

அக்டோபர் 15
பச்சைக்கு வந்தாயிற்று. தலைக்குப் பின்னால் நீலக் கண் போல இரண்டு புள்ளி.

அக்டோபர் 16
மழை. இலை காயவே இல்லை. ஈர இலை போட்டால் கழிச்சல். புழுக்கை உருண்டையாக இல்லாமல் குழைந்து விழும், அப்புறம் புழுவே கறுத்துத் தொங்கும். துணியில் ஒற்றி, மின்விசிறியடியில் உலர்த்திப் போட வேண்டும்.

அக்டோபர் 18
ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. நோய் இல்லை, சட்டை உரிக்கப் போகிறது. இலையிலிருந்து பிய்க்கக் கூடாது. பிடிமானம் போனால் பழைய தோல் பாதியில் சிக்கிக்கொள்ளும்.

அக்டோபர் 20
செடியில் வெளியே ஒரு பெரியவன். ஏழு சென்டிமீட்டருக்கு மேல். கொம்பு குட்டையாகி, மஞ்சளாக, கீழ்நோக்கி வளைந்தாயிற்று. தொட்டதும் தலையை உள்ளிழுத்து முன்னுடம்பைப் புடைக்கிறது. அப்போதுதான் அந்த நீலக் கண்கள் விரிந்து முறைக்கின்றன.

கவலை அதுவல்ல. பக்கவாட்டில் வெள்ளைக் கோடும் அதையொட்டி வெள்ளைப் புள்ளிகளும் எல்லாப் புழுவுக்கும் உண்டு. இவனுக்குக் கழுத்தருகே கூடுதலாக ஒன்று. தோலின் புள்ளி என்றால் வழவழவென்று தோலோடு தோலாக இருக்கும். ஈ முட்டை என்றால் நீள்வட்டமாக மேடு தட்டும். லென்ஸில் பார்த்தால் மேடுதான் போலிருக்கிறது. பட்டுப்புழுக்காரர்கள் ஊசி ஈ என்று பயப்படுவார்களே, அதன் குடும்பம்; முட்டை பொரிந்தால் அதன் குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே போய்ப் புழுவைத் தின்னும். சின்னப் புழு மேல் இட்டிருந்தால் சட்டையோடு சேர்ந்து முட்டையும் கழன்றுவிடும். கடைசிப் பருவத்தில் உரிக்க இன்னொரு சட்டை கிடையாது. ஊசிமுனையால் நெம்பி எடுத்தாயிற்று. டப்பாவுக்கு நைலான் வலை.

அக்டோபர் 21
நெம்பிய இடத்தில் கறுப்புப் புள்ளி. ஊசி பட்ட தழும்பா, உள்ளே நுழைந்த துளையா?

அக்டோபர் 23
பெரியவன் தீனியை விட்டுவிட்டான். முதுகு பழுப்பேறிவிட்டது. தரையில் ஓட்டம். இரண்டு அங்குலத்துக்குச் சருகு போட வேண்டும். நான்கைந்து சருகை நூலால் லேசாகச் சேர்த்துக் கட்டி, அதற்குள் கூட்டுப்புழுவாகும். வெறும் பிளாஸ்டிக் தரையில் விட்டால் அலைந்தே ஓய்ந்துவிடும்.

சின்னவை ராத்திரி முழுக்கக் கொறிக்கின்றன. வளர்ந்த காலம் முழுக்கத் தின்றதைவிடக் கடைசிப் பருவத்தில் தின்பதுதான் அதிகம்.

அக்டோபர் 26
பெரியவன் கூட்டுப்புழு. வெளிர்பழுப்பு, நடுவில் கறுப்புக் கோடு. அந்தப் புள்ளி உரித்த தோலோடு போயிற்று. உள்ளே போனது?

அக்டோபர் 28
சின்னவையும் முடங்கிவிட்டன.

நவம்பர் 2
ஆப்பிரிக்காவிலிருந்து தென்னாசியா வரை இந்த விட்டிலுக்குச் சொந்த வீடு. கோடையில் ஐரோப்பாவுக்குப் பறக்கும், அங்கே முட்டையும் இடும். ஆனால் அந்த ஊர் உறைபனியை இந்தக் கூட்டுப்புழு தாங்காது. இங்கே குளிர் இல்லை, ஈதான்.

நவம்பர் 7
பெரியவன் வரவேண்டிய நேரம். ஒன்றும் இல்லை. தொட்டால் வால் அசைகிறது, லேசாக.

நவம்பர் 9
சின்னவையில் இரண்டு கறுக்கின்றன. ஓட்டுக்குள் இறக்கையின் பச்சை வரி தெரிகிறது. சொரசொரப்பான குச்சி நட்டாயிற்று. இரண்டு பக்கமும் விரித்தால் ஒன்பது முதல் பதினொரு சென்டிமீட்டர் வரும் இறக்கை தொங்கி விரிய இடம் வேண்டும், இல்லாவிட்டால் சுருங்கியபடியே காய்ந்துவிடும். மூன்றாவது இன்னும் வெளிர்பழுப்பாகவே இருக்கிறது.

பெரியவன் கையில் எடுத்தால் கனமே இல்லை. வால் அசையவில்லை. டப்பாவைத் தனியே மாற்றி வலையை இரண்டு மடிப்பாகக் கட்டியாயிற்று.