கேட்வே அப்கிரேடை நடுவில் வைத்து சி.கே.ஏ. தேர்வுக்குப் படித்த விதம்

மென்பொருள்களைக் கன்டெய்னர்களாகப் பல கணினிகளில் (நோடுகளில்) பரப்பி இயக்கும் குபர்நெட்டிஸ் அமைப்பின் நிர்வாகிகளுக்கான சி.கே.ஏ. தேர்வின் பாடத்திட்டம் 2025 பிப்ரவரி 18 அன்று மாறியது. கேட்வே ஏ.பி.ஐ. (வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே வழிநடத்தும் விதிமுறை), ஹெல்ம் (சார்ட் எனும் தொகுப்புகளாக மென்பொருளை நிறுவும் கருவி), கஸ்டமைஸ் (அமைவுக் கோப்புகளைச் சூழலுக்கேற்ப மாற்றும் கருவி), சி.ஆர்.டி. (குபர்நெட்டிஸில் புதிய வகைப் பொருள்களைச் சேர்க்கும் வரையறை), ஆபரேட்டர் (அந்தப் பொருள்களைக் கவனித்து வேலை செய்யும் நிரல்) எல்லாம் தெளிவாகப் பட்டியலில் ஏறின. பழைய நோட்ஸ் வைத்திருப்பவர்கள் இவற்றைத் தனித்தனித் தலைப்புகளாகக் கடைசியில் ஒட்டவைத்துப் படிக்கிறார்கள். அப்படிப் படித்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், ஒன்றோடொன்று எங்கே இடிக்கும் என்பது தெரியாது.

நான் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் நோடுகளின் கூட்டத்தில்) ஓடிக்கொண்டிருக்கும் ஏ.பி.ஐ. கேட்வேயை, அதாவது கோரிக்கைகளை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பும் மென்பொருளை, வரும் கோரிக்கைகளில் ஒன்றுகூட விழாமல், புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். இந்த ஒரு வேலைக்குள் ஹெல்ம் வருகிறது, சி.ஆர்.டி. வருகிறது, ரோலிங் அப்டேட் (பாட் எனும் இயங்கும் பிரதிகளைப் படிப்படியாகப் புதியதாக மாற்றுவது), ப்ரோப் (பாட் சரியாக இருக்கிறதா என்ற சோதனை), சர்வீஸ் (பாட்களுக்கான நிலையான முகவரி), நோட் டிரெயின் (ஒரு நோடிலிருந்து பாட்களை வெளியேற்றுவது), கோளாறு தேடுவது என்று பாடத்திட்டத்தின் பெரும்பகுதி வந்துவிடுகிறது. அலுவலகத்திலும் நாளைக்கே தேவைப்படுகிற வேலை. படிக்கிறவர்களுக்கு இந்த வழியை மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக: 2 மணி நேரம், 15 முதல் 20 செய்முறைப் பணிகள், தேர்ச்சிக்கு 66 சதவீதம். கோளாறு தீர்ப்பதற்கு 30 சதவீதம், கிளஸ்டர் அமைப்புக்கு 25, சர்வீஸ் மற்றும் நெட்வொர்க்கிங்குக்கு 20, வொர்க்லோடுக்கு 15, ஸ்டோரேஜுக்கு 10. கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம். அதனால் இங்கே சொல்வதெல்லாம் தயாரிப்பு பற்றியது மட்டுமே.

அப்கிரேட் கட்டளையை மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். அந்தக் கட்டளை எதையெல்லாம் தொடாது, எதையெல்லாம் பழைய நிலைக்குத் திருப்பாது என்பதுதான் உண்மையான படிப்பு. நான் நோட்டில் எழுதிவைத்ததில் பாதிக்கு மேல் இந்தப் பட்டியல்தான்.

பயிற்சிக்கு மடிக்கணினியில் கைண்ட் (கன்டெய்னர்களையே நோடுகளாக்கும் கருவி) கிளஸ்டர் போதும். ஒரு கன்ட்ரோல் பிளேன் (நிர்வகிக்கும் நோட்), இரண்டு வொர்க்கர் (வேலை ஓடும் நோட்) வைத்துக்கொள்ளுங்கள். கேட்வேக்கு நான் எடுத்தது காங் என்ற மென்பொருள். டேட்டாபேஸ் இல்லாத முறையில், வேண்டுமென்றே பழைய 2.8 பதிப்பை, ஹெல்மில் பதிப்பு எண் சொல்லி நிறுவுங்கள். பின்னால், வந்ததையே திருப்பிச் சொல்லும் ஒரு சின்ன எக்கோ சர்வீஸ் இருக்கட்டும். அதற்கு மூன்று ரூட் (வழி விதி) போடுங்கள்: ஒன்று சாதாரணப் பாதை, ஒன்று ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துப் பொருத்தும்) பாதை, ஒன்று ஹெடரைப் பார்த்து முடிவெடுப்பது. இந்த மூன்றும் ஏன் வேண்டும் என்பது பிறகு புரியும்.

அடுத்து, அளக்கும் கருவி. கிளஸ்டருக்கு உள்ளேயே தனி பாட் ஒன்றில் கோரிக்கை அனுப்பும் கர்ல் கட்டளையைச் சுழலவிட்டு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் வரும் ஸ்டேட்டஸ் எண்ணை நேரத்தோடு பதிவு செய்யுங்கள். போர்ட் ஃபார்வர்டு (மடிக்கணினியிலிருந்து கிளஸ்டருக்குள் போடும் இணைப்பு) வழியாக அளக்காதீர்கள். சர்வீஸின் பெயரைக் கொடுத்தாலும் அது ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து அதோடேயே ஒட்டிக்கொள்ளும். அந்த பாட் போனதும் இணைப்பு அறுந்துவிடும். அப்கிரேடில் தவறே இல்லாவிட்டாலும் டவுன்டைம் ஆனதுபோலத் தெரியும்.

இப்போது ரெப்ளிகா எண்ணிக்கை, அதாவது ஒரே பாட்டின் எத்தனை பிரதிகள் என்பது. பலரும் பயிற்சியில் 2 வைக்கிறார்கள், நீங்கள் 4 வையுங்கள். டிப்ளாய்மென்ட்டின் (பாட்களைப் பராமரிக்கும் அமைவின்) மேக்ஸ் அன்அவைலபிள் (அப்டேட்டின்போது எத்தனை குறையலாம்), மேக்ஸ் சர்ஜ் (எத்தனை கூடுதலாகலாம்) இரண்டுக்கும் இயல்பு மதிப்பு 25 சதவீதம். முதலாவது கீழ்நோக்கி முழுமையாக்கப்படும், இரண்டாவது மேல்நோக்கி. 2 ரெப்ளிகாவில் 25 சதவீதம் என்றால் அரை, அது கீழ்நோக்கிப் போய்ப் பூஜ்யமாகிவிடும். அதனால் எதுவும் இறங்காமலே அப்டேட் நடக்கும், எல்லாம் பத்திரம் என்று தோன்றும். 4 ஆக்கியதும் ஒரு பாட் முன்கூட்டியே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். கேட்வேக்கு மேக்ஸ் அன்அவைலபிளைப் பூஜ்யமாக எழுதிவைப்பதே சரி.

பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் (பி.டி.பி., ஒரே நேரத்தில் எத்தனை பாட் வெளியேற்றப்படலாம் என்ற வரம்பு) போட்டிருக்கிறோமே, அது காப்பாற்றாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். ரோலிங் அப்டேட்டை அது தடுக்காது. நோட் டிரெயின் போன்ற வெளியேற்றத்தை மட்டுமே தடுக்கும். கிளஸ்டரை அமைக்கும் கியூப்அட்மின் கருவியை வைத்து நோடுகளை ஒவ்வொன்றாக மேம்படுத்தும் பாடத்தைப் படிக்கும்போது இது மறுபடி வரும். இந்த இரண்டையும் ஒரே நாளில் செய்துபாருங்கள். முதலில் பி.டி.பி.யோடு ரோலிங் அப்டேட், பிறகு அதே பி.டி.பி.யோடு டிரெயின். வித்தியாசம் மறக்கவே மறக்காது.

பாட் மூடப்படும் கணத்தில் என்ன நடக்கிறது என்பதில் நிறைய நேரம் செலவிடலாம், தகும். பாட்டை அழிக்கச் சொன்னதும் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் தொடங்குகின்றன. ஒரு பக்கம், நோடில் பாட்களை இயக்கும் கியூப்லெட், ப்ரீஸ்டாப்பை (நிறுத்துமுன் ஓடும் செயலை) ஓட்டி, அப்புறம் நின்றுவிடும்படி சிக்னல் அனுப்புகிறது. இன்னொரு பக்கம் அந்த பாட்டின் முகவரி எண்ட்பாயிண்ட் பட்டியலிலிருந்து (சர்வீஸுக்குப் பின்னால் உள்ள பாட்களின் பட்டியல்) நீக்கப்பட்டு, அந்தச் செய்தி எல்லா நோடுகளிலும் டிராஃபிக்கைப் பாட்களுக்குத் திருப்பிவிடும் கியூப்பிராக்ஸிக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டாவது முடியுமுன் முதலாவது முடிந்துவிட்டால், மூடிய கதவைத் தேடி புதிய இணைப்புகள் வந்து நிற்கும். உங்கள் பதிவில் ஆங்காங்கே விழும் ஒன்றிரண்டு இணைப்புப் பிழைகள் பெரும்பாலும் இதுதான். ப்ரீஸ்டாப்பில் 10, 15 வினாடி காத்திருக்கச் சொன்னால் தீர்ந்துவிடும். பல சார்ட்களில் ஏற்கனவே இருக்கும், மதிப்பை மட்டும் எட்டிப் பாருங்கள். இதற்கு முன்பெல்லாம் கன்டெய்னருக்குள் ஸ்லீப் கட்டளை இருக்க வேண்டும். 1.30 பதிப்பு முதல் குபர்நெட்டிஸே ப்ரீஸ்டாப்பில் ஸ்லீப் என்ற செயலை இயல்பாகத் தருகிறது. இன்னொன்று: இந்தக் காத்திருப்பும் டெர்மினேஷன் கிரேஸ் பீரியடுக்குள்ளேயே (பாட் முடிய அனுமதிக்கும் அவகாசம்) கழியும், அதன் இயல்பு 30 வினாடி. நீண்ட நேரம் பிடிக்கும் கோரிக்கைகள் உங்கள் கேட்வே வழியாகப் போனால் அதையும் சேர்த்துக் கூட்டிவையுங்கள்.

சி.ஆர்.டி.க்கு வருவோம். ஹெல்ம் 3இல், சார்ட்டின் சி.ஆர்.டி. கோப்புறையில் இருப்பவை முதல் நிறுவலின்போது மட்டும் கிளஸ்டருக்குள் போகும். அப்கிரேட் செய்யும்போது ஹெல்ம் அவற்றைத் தொடாது, ரோல்பேக் செய்யும்போதும் தொடாது. புதிய கன்ட்ரோலர் வந்து, தனக்குத் தேவையான புலம் சி.ஆர்.டி.யில் இல்லாமல் லாகில் பிழைகளைக் கொட்டும். பாட் ரன்னிங் என்றே காட்டும். எனவே புதிய பதிப்பின் சி.ஆர்.டி.களை முதலில் கையால் ஏற்றிவிட்டு, பிறகு சார்ட்டை அப்கிரேட் செய்ய வேண்டும். அவற்றை சாதாரண அப்ளையில் ஏற்றினால் அனோட்டேஷன் (பொருளோடு ஒட்டிவைக்கும் குறிப்பு) நீளமாகிவிட்டது என்று சில சமயம் மறுக்கும், ஏனென்றால் அனோட்டேஷன்களின் மொத்த வரம்பு 2,62,144 பைட். சர்வர் சைடு அப்ளை என்று சொன்னால் போய்விடும். இந்தப் பிழைச் செய்தியைப் பார்த்ததும் கை தானாக அந்தப் பக்கம் போகுமளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

கேட்வே ஏ.பி.ஐ.க்கும் இதேதான். காங், என்வாய் கேட்வே போன்ற மென்பொருள்கள் ஒரு பக்கம். அவை எல்லாம் பின்பற்றும் பொதுவான விதிமுறையும் அதன் சி.ஆர்.டி.களும் இன்னொரு பக்கம். கேட்வே கிளாஸ், கேட்வே, எச்.டி.டி.பி. ரூட் மூன்றும் 2023 அக்டோபரில் 1.0 ஆயின. 2024 அக்டோபரில் வந்த 1.2இல் ஜி.ஆர்.பி.சி. ரூட், ரெஃபரன்ஸ் கிராண்ட் இரண்டின் பழைய ஆல்ஃபா பதிப்பு நீக்கப்பட்டது. அதற்குப் போகுமுன் அந்த சி.ஆர்.டி.களின் ஸ்டேட்டஸில் ஸ்டோர்டு வெர்ஷன்ஸ் என்ற இடத்தைப் பார்த்து, பழைய ஆல்ஃபா பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். இதைப் படித்தபோதுதான் சி.ஆர்.டி. என்பது எனக்கு முழுமையாகப் பிடிபட்டது. வெறும் வரையறையாகப் படித்தால் வராத தெளிவு.

ஹெல்மில் இன்னும் ஒன்று. பழைய மதிப்புகளை மறுபடி பயன்படுத்து என்ற தெரிவு வசதியாகத் தோன்றும். ஆனால் புதிய சார்ட்டில் புதிதாகச் சேர்ந்த இயல்பு மதிப்புகள் அப்போது உள்ளே வராது. அதைவிட, இப்போதைய மதிப்புகளை ஹெல்மிலிருந்து ஒரு கோப்பாக எடுத்து, படித்துப் பார்த்து, அந்தக் கோப்பையே அப்கிரேடுக்குக் கொடுங்கள்.

சரி, அந்த மூன்று ரூட்கள். 2.8இலிருந்து 3.x பதிப்புக்கு காங்கை ஏற்றுங்கள். ரோல்அவுட் ஸ்டேட்டஸ் வெற்றி என்று சொல்லும். பாட்கள் எல்லாம் ரெடி. சாதாரணப் பாதை 200 தரும், ஹெடர் ரூட் 200 தரும், ரெகெக்ஸ் பாதை 404 தரும். காங் 3.0 முதல் ரெகெக்ஸ் பாதை ~ குறியோடு தொடங்க வேண்டும், இன்கிரஸ் (வெளி டிராஃபிக்குக்கான குபர்நெட்டிஸின் பழைய விதி) வழியாகக் கொடுத்தால் /~ என்று. குறி இல்லாவிட்டால் அதை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், எதுவும் பொருந்தாது. ப்ரோப்புக்கு உங்கள் ரூட்களைப் பற்றி எதுவும் தெரியாது. ஆகவே ரெடி என்ற சொல்லை நம்பி முடித்துவிடாமல், உண்மையான ரூட்களில் ஒரு தொகுப்பை அப்கிரேடுக்கு முன்னும் பின்னும் ஓட்டி ஒப்பிட வேண்டும். தேர்விலும் இதே பழக்கம்தான் மதிப்பெண்ணைக் காப்பாற்றும்: கட்டளை கொடுத்ததும் அடுத்த பணிக்குத் தாவாமல், கேட்டது நடக்கிறதா என்று ஒரு கர்ல்.

பாட் தயாரா என்று பார்க்கும் ரெடினஸ் ப்ரோப்புக்கு எந்த முகவரியைப் பயன்படுத்துகிறோம் என்பதும் முக்கியம். வெறும் ஸ்டேட்டஸ் முகவரி, காங் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். 3.3இல் வந்த ஸ்டேட்டஸ் ரெடி முகவரி, அமைவு ஏறியபிறகே சரி சொல்லும். டேட்டாபேஸ் இல்லாத முறையில் இந்த வேறுபாடு பெரிது. அமைவு ஏறாத பாட்டுக்கு டிராஃபிக் போனால் எல்லாமே 404.

டேட்டாபேஸோடு ஓட்டுபவர்கள், டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றும் மைக்ரேஷனின் இரண்டு படிகளைப் பிரித்தே பார்க்க வேண்டும். முதல் படியான அப், பழைய நோடுகளும் புதிய நோடுகளும் ஒரே டேட்டாபேஸில் சேர்ந்து ஓட இடம் கொடுக்கும். இரண்டாவதான ஃபினிஷ் முடிந்தபின் பழைய பதிப்புக்கு எளிதாகத் திரும்ப முடியாது, பேக்கப்பிலிருந்துதான் மீட்க வேண்டும். ஹெல்ம் ரோல்பேக் டேட்டாபேஸைத் தொடாது. காங் சார்ட்டில் இரண்டு படிகளும் தானாக ஓடும்படி வைக்க வசதி உண்டு. அதில் பிந்தையதை அணைத்துவைத்து, டிராஃபிக் முழுக்கப் புதிய பாட்களில் நன்றாக ஓடுவதைப் பார்த்தபிறகு கையால் ஓட்டுவதே என் பரிந்துரை.

பெரிய பதிப்புத் தாவலுக்கு இரண்டு கேட்வேகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டும் முறையைப் படியுங்கள். எச்.டி.டி.பி. ரூட்டில் பேக்எண்டுகளுக்கு எடை போட்டுப் பிரிக்கலாம் என்று தெரிந்ததும், கேட்வே அப்கிரேடையே அப்படிச் செய்யலாம் என்று தோன்றும். அந்த எடை கேட்வேக்குப் பின்னால் இருப்பவற்றுக்கு. பிரித்துக் கொடுக்கும் கேட்வேயே மாறும்போது அது உதவாது. உதவுவது, ரூட் எந்தக் கேட்வேயோடு சேரும் என்று சொல்லும் பேரண்ட் ரெஃப்ஸ். அது ஒரு பட்டியல் என்பதால், ஒரே ரூட்டைப் பழைய கேட்வேயோடும் புதிய கேட்வேயோடும் சேர்த்து இணைக்கலாம். புதியதற்குத் தனி ஐ.பி. கிடைக்கும். கர்லில் டி.என்.எஸ்.ஸை மீறி அந்த ஐ.பி.க்கே அனுப்பிச் சோதித்துவிட்டு, பிறகு டி.என்.எஸ்.ஸை மாற்றலாம். பழைய டி.என்.எஸ். விடை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கப்படும் என்ற டி.டி.எல். மதிப்பை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள். ரேட் லிமிட்டை (கோரிக்கை எண்ணிக்கைக்கான வரம்பை) ஒவ்வொரு நோடும் தனித்தனியாக எண்ணும் அமைப்பு என்றால், இரண்டும் ஓடும் நேரத்தில் வரம்பு தளர்ந்திருக்கும் என்பதையும் குழுவுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

இவ்வளவு ஏன் என்று கேட்பவர்களுக்கு: 2025 மார்ச்சில் இன்கிரஸ் என்ஜின்எக்ஸ் என்ற பிரபல கேட்வே மென்பொருளில் சி.வி.இ. 2025-1974 என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது, தீவிர மதிப்பு 9.8. உலகம் முழுக்க அதை வைத்திருந்தவர்கள் 1.12.1 அல்லது 1.11.5 பதிப்புக்கு உடனே போக வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில், அந்தத் திட்டத்தின் பராமரிப்பு 2026 மார்ச்சோடு நிறுத்தப்படும் என்று குபர்நெட்டிஸ் குழுவே அறிவித்தது. கேட்வே மாற்றம் இப்போது எல்லா அணிகளின் மேசையிலும் இருக்கும் வேலை.

தேர்வு நாளுக்குச் சில வார்த்தைகள். குபர்நெட்டிஸ், ஹெல்ம், கேட்வே ஏ.பி.ஐ. ஆவணங்களைத் தேர்வில் திறக்கலாம். எச்.டி.டி.பி. ரூட் மாதிரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, ஹெல்மில் பதிப்பு எண் கொடுக்கும் தெரிவு எங்கே என்று தேடாமல் போகும் அளவுக்கு அந்தப் பக்கங்களில் நடமாடியிருக்க வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் முதலில் சொல்லப்பட்ட ஹோஸ்டுக்குள் எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து நுழைவது) செய்யுங்கள். அடுத்த பணிக்குமுன் மறக்காமல் வெளியே வாருங்கள்.

கட்டணத்தோடு கில்லர் எஸ்.எச். என்ற மாதிரித் தேர்வு சிமுலேட்டர் இரண்டு முறை கிடைக்கும், திறந்ததிலிருந்து ஒவ்வொன்றும் 36 மணி நேரம் உயிரோடு இருக்கும். முதலாவதைத் தயாரிப்பின் நடுவிலேயே திறந்துவிடுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் விடைகளைப் படித்து, அந்த 36 மணி நேரத்துக்குள் அதே பணிகளைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இரண்டாவதைத் தேர்வுக்கு முந்தைய வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று. பதிவில் கொடுக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். சான்றிதழில் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து, வேறொன்றில் அதுவே முன்னால் என்று நமக்கு மூன்று விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் தேர்வு நேரம் குறிக்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.