கோட்டை வாசலில் ஒரு ஜெபம்

பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். இலங்கைக்கு ஊழியத்துக்கு வந்ததை ஏதோ பெரிய தியாகம் மாதிரி ஊரில் பேசுகிறார்கள். கடன்பட்ட இடத்துக்கு வந்திருக்கிறோம் என்பதுதான் எங்கள் எண்ணம். 1902இல், பின்னாளில் பேராயரான நம் அசரியா ஐயா யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு, கடல் தாண்டி நம் தொண்டிப் பக்கம் ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். நம் ஊருக்கு அவர்கள் ஆள் அனுப்புகிறார்கள், நாம் யாருக்கு அனுப்பினோம் என்ற கேள்வி அவரை உறுத்தியது. மறு வருஷமே, 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அந்தச் சரித்திரத்தைக் கேட்டு வளர்ந்ததால், திருகோணமலைக்கு அழைப்பு வந்தபோது நானும் என் கணவரும் தயங்கவே இல்லை.

இங்கே நாங்கள் ஆராதனைக்குப் போவது மெதடிஸ்த ஆலயத்துக்கு. தாமஸ் கோக் என்ற பெரியவர் ஒரு சிறு கூட்டத்தோடு இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, இலங்கைக் கரையைக் காணாமலே 1814இல் நடுக்கடலில் இறந்துபோனார். கூட வந்த வாலிபர்கள் மட்டும் கரையிறங்கித் தொடங்கிய சபை இது. ஞாயிறு காலை ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருப்பார்கள். ஆர்மோனியமும் காக்கைச் சத்தமும் கலந்துதான் கேட்கும். பாட்டெல்லாம் நமக்குத் தெரிந்த கீர்த்தனைகளே. ஆனால் நாம் பாடுவதைவிட நிதானமாக, ஒவ்வொரு அடியையும் இழுத்து நிறுத்திப் பாடுகிறார்கள். எனக்கு அந்த நிதானம் ரொம்பப் பிடித்துவிட்டது.

பரிந்துரை ஜெபம் வரும்போதுதான் இது வேறு மண் என்று உறைக்கும். வியாதியஸ்தர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் மகன்கள் எல்லாருக்கும் ஜெபித்த பிறகு, யுத்தத்தில் காணாமல் போனவர்களுக்காக ஒரு ஜெபம். அந்த இடத்தில் முன்வரிசையில் உள்ள சில தாய்மார் தலையைக் குனியமாட்டார்கள். நிமிர்ந்து பீடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதலில் எனக்கு அது புரியவில்லை. இப்போது நானும் அந்த ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதில்லை.

ஒரு ஞாயிறு வேத பாடம் 93ஆம் சங்கீதம். பக்கத்தில் இருந்த வயதான அம்மா ரப்பர் பேண்டைக் கழற்றித் தன் வேதாகமத்தைத் திறந்தார். தாள்கள் எல்லாம் நெளிந்து, ஓரங்கள் பழுப்பேறி, புத்தகம் இரண்டு மடங்கு பருத்திருந்தது. அதனால்தான் ரப்பர் பேண்ட். இல்லாவிட்டால் மூடி நிற்காது. ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது அவரே சொன்னார்.

“சுனாமி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், பிள்ளை. நத்தாருக்கு அடுத்த நாள். நான் சேர்ச்சுக்கு வந்ததால தப்பினன். வீட்டுக்குள்ள இருந்த சாமான் ஒண்டும் மிஞ்சேல்ல. இந்தப் பைபிள் மட்டும் சேத்துக்குள்ள கிடந்தது. ஒவ்வொரு தாளாய்ப் பிரிச்சு வெயில்ல காய வச்சனான்.”

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். ஆனாலும், கடல் ஏறி வந்த வீட்டில் கிடந்த வேதாகமத்தில் திரளான தண்ணீர்களின் இரைச்சலைப் பற்றிய அந்தச் சங்கீதத்தை அவர் விரல் வைத்து வாசித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தது வேறு.

பிற்பகலில் பக்கத்து வீட்டு அக்கா எங்களைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சைவர், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். “தங்கச்சி, இந்த ஊருக்கு வந்திட்டுக் கோணேசரைப் பாக்காமல் இருக்கலாமா?” என்று பல தடவை கேட்டுவிட்டார். கோயிலுக்குப் போகக் கோட்டைக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். உள்ளே இன்றும் இராணுவ முகாம் இருக்கிறது. வாசல் வளைவின் கீழே அக்கா நின்று, பக்கவாட்டுக் கல்லைக் காட்டினார். இரண்டு கயல்மீன்கள். பக்கத்தில் சிதைந்துபோன தமிழ் எழுத்துக்கள். குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர் உடைப்பார்கள் என்று சொல்லும் பாடலின் மிச்சம் அது. பாதி எழுத்துதான் இருக்கிறது. மீதியை ஊர் மனப்பாடமாக வைத்திருக்கிறது. அக்கா நடந்துகொண்டே முழுவதையும் சொன்னார்.

சம்பந்தர் ‘கோணமாமலை’ என்று பாடிய தலம். 1622இல் போர்த்துக்கேயர் இந்தக் கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயரும் வைத்தார்கள். என்னால் அந்த வாசலைச் சட்டென்று தாண்ட முடியவில்லை. நான் கழுத்தில் அணிந்திருக்கும் சிலுவையைத்தான் அவர்களும் கொடியில் ஏந்தி வந்தார்கள். ‘அது அவர்கள், நாங்கள் வேறு’ என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஊழியக்காரி என்று ஊர் ஊராய்ப் போகிற ஒருத்திக்கு அந்தப் பதில் போதாது. என் கணவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ‘ஆண்டவரே, உம்முடைய நாமத்தைச் சொல்லி இங்கே செய்ததை மன்னியும்’ என்று மெல்ல ஜெபித்தார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் கண் திறக்கும் வரை நின்றிருந்துவிட்டு, “வாங்கோ, வெயில் ஏறுது” என்று முன்னால் நடந்தார்.

வழியெல்லாம் புள்ளிமான்கள். ஆட்களைக் கண்டு பயப்படுவதே இல்லை. அக்காவின் பையில் இருந்த வாழைப்பழத்தை ஒன்று மோந்து பார்த்தது. மேலே ஏறினால் பாறை 300 அடிக்கு மேல் செங்குத்தாய்க் கடலுக்குள் இறங்குகிறது. இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு அங்கேதான். விளிம்பில் உள்ள மரத்தில் பிள்ளை வரம் கேட்டுச் சின்னச் சின்னத் தொட்டில்களைக் கட்டியிருக்கிறார்கள். எங்களுக்கும் நெடுநாள் அந்த விண்ணப்பம் இருந்தது. அந்தத் தொட்டில்களைக் கட்டிய பெண்களுக்காக நான் அங்கேயே ஜெபித்தேன்.

இடிக்க வந்த நேரத்தில் மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றிய விக்கிரகங்கள் சில 1950இல் கிணறு வெட்டும்போது கிடைத்தன. 1956இல் கடலடியில் சுழியோடிகள் பழைய கோயிலின் தூண்களையும் லிங்கத்தையும் கண்டார்கள். அக்கா இதையெல்லாம் சொன்னபோது குரலில் கசப்பு இல்லை. தொலைந்த நகை திரும்பக் கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

மற்ற இடங்களையும் பார்த்தோம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு வேறு. நிலாவெளிக் கடற்கரைக்கும் புறாத்தீவுக்கும் கூட்டம் அதிகம், எங்களுக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. உப்புவெளியில் உள்ள யுத்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் நெடுநேரம் இருந்தோம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைக் குண்டு போட்டுத் தாக்கின. வரிசை வரிசையாய்க் கல்லறைகள். பலருக்கு வயது இருபதைச் சுற்றித்தான். நகருக்குள் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில், 1852இல் பர்மாவில் காலராவில் இறந்த கடற்படைத் தளபதி சார்லஸ் ஆஸ்டினின் கல்லறை இருக்கிறது. எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் தம்பி அவர். தூர தேசத்தில் புதைக்கப்பட்டவர்களின் பெயரை வாசிப்பது, வெளியூரில் குடியிருப்பவர்களுக்குக் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிறு பரிந்துரை ஜெபத்தை நடத்தும் முறை என் கணவருக்கு வந்தது. கோட்டை வாசலில் செய்த ஜெபத்தை அங்கேயும் வாய்விட்டுச் செய்தார். சபை எப்படி எடுத்துக்கொள்ளுமோ என்று எனக்கு உள்ளூரப் பயம். தேத்தண்ணி நேரத்தில் ஒரு பெரியவர் நேராக எங்களிடம் வந்தார்.

“ஐயா, எங்கட சொந்தத்தில பாதிப் பேர் கோணேசருக்குத் தேர் இழுக்கிற ஆக்கள். என்ர அம்மம்மா சாகுமட்டும் திருநீறு பூசினவ. இந்த ஜெபத்தை இவ்வளவு காலமும் இங்க ஒருத்தரும் செய்யேல்ல.”

அப்புறம் தம்பலகாமத்தைப் பற்றிச் சொன்னார். கோணேசர் கோயில் இடிபட்டபோது அங்கிருந்து காப்பாற்றிக் கொண்டுபோன தெய்வத் திருமேனிகளை வைத்து வயல்வெளி நடுவே எழுப்பியதாம் அங்குள்ள ஆதிகோணநாயகர் கோயில். அவருடைய சித்தப்பா பிள்ளைகள் இன்னும் அங்கே கமம் செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை எங்களையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். மத்தியானச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறிச் சாப்பாடு.