தாச்சி மூடி எங்கே?

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒழுங்கைகளில் எந்த ஃபிளாட்டுக்குள் நுழைந்தாலும் குசினியில் மூன்று தாச்சி இருக்கும். மூடி ஒன்றுதான். அந்த ஒன்றும் குசினியில் இருக்காது.

புரட்டாதிச் சனி, காலை பதினொன்றரை, மூன்றாம் மாடி. வீட்டுக்கார அம்மா கோயிலுக்குப் போய் எள் எரித்துவிட்டு வந்து, மரக்கறி எல்லாம் இறக்கியாயிற்று. அப்பளமும் மோர்மிளகாயும் பொரிப்பதுதான் மிச்சம். தாச்சியில் கால் லீற்றர் தேங்காயெண்ணெய், கீழே பெரிய நெருப்பு. அந்த நேரம் பார்த்து சிட்னியிலிருந்து வட்ஸ்அப்பில் அக்கா. அங்கே பின்னேரம் நாலு மணி, பொழுது போகாத நேரம். குசினியில் சிக்னல் வராது, பல்கனியில்தான் வரும். "ஒரு நிமிஷம் அக்கா" என்று போனவர்தான்.

அப்பளம் பொரிய எண்ணெய் 180 பாகை செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் போதும். அதைத் தாண்டினால் மெல்லிய நீலப் புகை கிளம்பும். அதுதான் எண்ணெய் தருகிற ஒரே எச்சரிக்கை. 300ஐத் தாண்டி 350ஐ நெருங்கும்போது தீக்குச்சியும் வேண்டாம், பொறியும் வேண்டாம், எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். கால் லீற்றர் எண்ணெய் பெரிய நெருப்பில் அந்த இடத்துக்கு வர பத்து நிமிடம்கூடத் தேவையில்லை. சிட்னி அக்காவின் மருமகளைப் பற்றிய முதல் அத்தியாயமே பதினைந்து நிமிடம்.

புகையை முதலில் கண்டவர் மாமா. ஹோலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர் எழும்பிப் போய்ப் பார்த்தார். தாச்சிக்கு மேலே முழ உயரத்தில் நெருப்பு. மாமாவின் கை நேரே தண்ணீர் வாளிக்குத்தான் போனது.

அந்த வாளி கவிழ்ந்திருந்தால் இந்தக் கதையைச் சிரித்துச் சொல்ல முடியாது. தண்ணீர் எண்ணெயைவிடப் பாரம், ஊற்றியதும் அடிக்குப் போகும். அடியில் இருக்கிற சூட்டில் அந்தக் கணமே நீராவியாகும். ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 1700 லீற்றர் நீராவி. அவ்வளவும் மேலே பாயும்போது எரிகிற எண்ணெயைத் துளித்துளியாகச் சிதறடித்துத் தூக்கிக்கொண்டு போகும். முழ உயர நெருப்பு கூரையைத் தொடும், இடையில் நிற்கிறவர் மாமா. நல்லகாலம், கம்பஸ் முடித்துவிட்டு வேலை தேடுகிற மூத்தவள் அறையிலிருந்து ஓடி வந்து, "மாமா, தண்ணி ஊத்தாதேங்கோ!" என்று கத்தினாள். காஸ் அடுப்பின் குமிழைத் திருகி அணைத்தவளும் அவள்தான். அந்த ஒரு செயலிலேயே பாதி வேலை முடிந்தது. ஆனால் குமிழுக்குக் கை போகாத அளவுக்கு நெருப்பு வழிந்தால் அங்கே வீரம் காட்டக்கூடாது. சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடலாம், அதுவும் முடியாவிட்டால் எல்லோரும் வெளியே.

"மூடி! மூடி எங்கே?" என்று அவள் கேட்ட பிறகுதான் வீடு களைகட்டியது.

மாமா இடியப்பத் தட்டைக் கொண்டு வந்தார். அதில் இருப்பதே ஓட்டைதான். போதாததற்கு பிளாஸ்டிக். அடுத்ததாகச் சுளகைக் கொண்டு வந்தார். பனையோலைச் சுளகை எரிகிற எண்ணெய்க்கு மேல் வைப்பது யாகத்தில் நெய் வார்ப்பது போல. மணம் பிடித்து இறங்கி வந்த மேல்மாடி அன்ரி, "கோதுமை மாவைக் கொட்டுங்கோ, நெருப்பு அமந்துடும்" என்றார். மா அமத்தாது. காற்றில் பறக்கிற நுண்ணிய மா தானே குப்பென்று பற்றும். அன்ரியின் மனதில் இருந்தது அப்பச்சோடாவாக இருக்கலாம். அது சூட்டில் கரியமில வாயுவை விடும், சின்ன நெருப்பென்றால் அணைக்கும். ஆனால் பக்கற் கணக்கில் வேண்டும், எங்கள் குசினிகளில் அது ஒரு சிமிட்டாவுக்கு மேல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

சின்னவன் இதற்குள் தீயணைப்புச் சிலிண்டருக்கு ஓடினான். வீட்டில் அது இருந்தது, உண்மை. பல்கனிக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க அண்டை கொடுத்திருந்தார்கள். மானியின் முள் பச்சையில் நிற்க வேண்டியது சிவப்பில் படுத்திருந்தது. பின்னில் கறள். அது வேலை செய்திருந்தாலும் அவன் நின்ற இடத்தில் நின்று அடித்திருந்தால் பிழையாகியிருக்கும்: உள்ளே இருக்கிற ABC தீயணைப்புப் பவுடரின் வேகம் கிட்டத்தில் எண்ணெயையே தாச்சியிலிருந்து கிளப்பிவிடும். இரண்டு மீற்றராவது தள்ளி நின்று, வாசல் முதுகுப்பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டு அடிக்க வேண்டும். 2 கிலோ சிலிண்டர் பத்துச் செக்கனுக்குள் தீர்ந்துவிடும், குறி பார்த்துப் பழக நேரம் தராது.

சிலிண்டர் கைவிட்டதும் அவனுக்கு இன்னொரு யோசனை. "தாச்சியோட தூக்கிப் பல்கனியில வைப்பமா?" எண்ணெய்த் தீயில் கைகால் வெந்தவர்களில் பலர் இந்த யோசனையின் பிள்ளைகள். தூக்கினால் எண்ணெய் அலம்பும், நடந்தால் காற்றில் சுவாலை தூக்கியவர் முகத்துக்கே திரும்பும். தாச்சி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பல்கனிக்கு ஏன் போகவே கூடாது என்பதற்கு அந்த வீட்டில் இன்னொரு காரணமும் இருந்தது. அது பிறகு வருகிறது.

கடைசியில் மூத்தவள் பட்டர் கேக் சுடுகிற தகர ரேயை எடுத்தாள். மேலேயிருந்து போடவில்லை. தன் பக்கத்து விளிம்பிலிருந்து மற்றப் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் மூடினாள். அப்படிச் செய்தால் ரே நெருப்புக்கும் கைக்கும் நடுவில் கேடயம் போல நிற்கும். காற்று அடைபட்டதும் நாலைந்து செக்கனில் சத்தம் அடங்கிவிட்டது.

அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். மாமா இருக்கிறாரே. மூன்றாவது நிமிடம், "நூந்திட்டுதோ பாப்பம்" என்று ரேயின் ஓரத்தைத் தூக்கினார். குப்! எண்ணெய் இன்னும் பற்றுகிற சூட்டில்தான் இருந்தது, அதற்குக் குறைந்தது காற்று மட்டும்தான். மாமா அதைக் கொடுத்தார். மறுபடி மூடிய பிறகு மூத்தவள் முக்கால் மணித்தியாலம் யாரையும் கிட்ட விடவில்லை. ரே கையில் சுட்டதில் மாமாவுக்கு இரண்டு விரல் சிவந்தது. அன்ரி பற்பசையோடு வந்தார், அம்மா தேங்காயெண்ணெயோடு வந்தார், இரண்டுமே சூட்டை உள்ளே வைத்துப் பூட்டுகிற சாமான்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டு இருபது நிமிடம் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் பிடிக்க வேண்டும், ஐஸ் கூடாது. இருபது நிமிடமும் மாமா சிங்க்குக்கு முன்னால் தண்டனை பெற்ற பள்ளிக்கூடப் பெடியன் போல நின்றார். மேல் அலுமாரிக்கு நெருப்பு ஏறியிருந்தால் இவ்வளவு ஆலோசனைக்கும் இடமில்லை. எல்லோரும் வெளியே வந்து, குசினிக் கதவைச் சாத்திவிட்டு, 110க்கு அடிக்க வேண்டும். ஒழுங்கையின் பெயரோடு எந்தச் சந்தியால் திரும்புவது என்பதையும் சொல்லி, ஒருவர் காலி வீதியில் போய் நிற்க வேண்டும். இரு பக்கமும் கார் நிறுத்திய ஒழுங்கைக்குள் தீயணைப்பு வண்டி வருவது தேர் திருப்புகிற வேலை.

சாப்பாட்டுக்குப் பிறகு மூடியைத் தேடத் தொடங்கினார்கள்.

முதலில் படுக்கையறை. கட்டிலுக்குக் கீழே தகர மூடி ஒன்று கிடந்தது. அது பிஸ்கற் ரின்னுடையது, அதில் நுளம்புத்திரி. திரி சுவாலை விடாது, கனன்றபடி ஏழெட்டு மணித்தியாலம் இருக்கும். அதற்கு மேலே அரை முழத்தில் கட்டில் விரிப்பின் தொங்கல் ஆடிக்கொண்டிருந்தது. தகரத்தில் வைத்தது சரி. வைத்த இடம்தான் பிழை. துணியிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி நிலத்தில் இருக்க வேண்டும். வலை கட்டினால் திரி தேவையே இல்லை.

டீவிக்குப் பின்னால் மூடி இல்லை, அதைவிட வில்லங்கமான ஒன்று இருந்தது. சதுரத் துளை 13 அம்பியர் பிளக் பேஸ் ஒன்றின் மேல் துளைக்குள் போல்பொயின்ற் பேனையின் குழாய் செருகியிருந்தது. கொழும்பில் பாதி வீடுகளில் இந்தப் பேனையைப் பார்க்கலாம். மேல் துளைக்குள் ஏதாவது போனால்தான் கீழ்த் துளைகளின் கதவு திறக்கும், இரண்டு முள் பிளக்கைத் திணிக்கலாம். அந்தக் கதவை வைத்ததே குழந்தை விரலுக்கும் இப்படிப்பட்ட பிளக்குக்கும்தான். வட்ட முள் சதுரத் துளைக்குள் இறுக்கமாக நிற்காது. தொடுகிற இடத்தில் அரை ஓம் தடை வந்து, அதனூடாக 10 அம்பியர் ஓடினால் 50 வாட் சூடு. ரேடியோ திருத்துகிறவரின் சோல்டரிங் அயனும் அவ்வளவுதான். பட்டாணி அளவு இடத்தில், சுவருக்குள், இரவு பகலாக ஒரு சோல்டரிங் அயன். பேஸின் முகம் மண்ணிறமாகி, மீன் அழுகியது போல ஒரு மணம் வந்தால் அதுதான்.

"எங்கட வீட்டில ட்ரிப் சுவிச் இருக்கு" என்றார் மாமா, விரலில் ஈரத்துணியோடு. அந்த ட்ரிப் சுவிச் மின்சாரம் மண்ணுக்கோ மனிதருக்கோ கசிந்தால்தான் விழும், 30 மில்லி அம்பியர் போதும். மாதம் ஒருக்கால் அதன் ரெஸ்ற் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். பாரம் கூடினால் விழுவது பக்கத்தில் வரிசையாக நிற்கிற சின்ன பிரேக்கர்கள். தளர்ந்த இணைப்பு இரண்டுக்கும் தெரியாது. அது வழக்கமான மின்சாரத்தை எடுத்துக்கொண்டே எரியும்.

அதே பேஸிலிருந்து ஒரு வயர் கோட், அதன் முனையில் மல்டி பிளக், அதில் கேத்தல் 2000 வாட், அயன் 1000 வாட். 230 வோல்ற்றில் 3000 வாட் என்றால் 13 அம்பியர் முழுதாகப் போயிற்று, போன் சார்ஜருக்கு இடமில்லை. வயரோ நூடில்ஸ் தடிப்பு. 13 அம்பியருக்கு 1.25 அல்லது 1.5 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பி வேண்டும். புறக்கோட்டையில் விலை குறைத்துத் தருகிற வயர் கோட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அதை வெட்டிப் பார்க்கும் வரை இரகசியம். மிச்ச வயரைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தது இன்னும் மோசம், சுருளுக்குள் சூடு வெளியேறாது. மல்டி பிளக்கைத் திறந்தால் ஃபியூஸ் இருந்த இடத்தில் சிகரற் பெட்டியின் வெள்ளித்தாள். யாருடைய கைவேலை என்று யாரும் கேட்கவில்லை. மாமா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

பான்ட்ரி அலுமாரிக்குள்ளும் மூடி இல்லை. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் மட்டும் மூச்சுமுட்டிக்கொண்டு நின்றது. காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் மேலே போகாது, நிலத்தோடு தவழும். ஆகவே அலுமாரிக் கதவின் அடியில் துளைகள் வேண்டும். மேலே வைத்தால் பிரயோசனமில்லை. ஒரு லீற்றர் திரவம் 250 லீற்றர் அளவு வாயுவாகும், காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றும். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பு வெடித்த நாட்களில் எல்லா வீட்டிலும் சவர்க்காரத் தண்ணீர் கிண்ணத்தில் இருந்தது. பாத்திரம் கழுவுகிற திரவத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நுரைத்து, வால்வு, ரெகுலேட்டர், ஹோஸின் இரு முனைக் கிளிப் எல்லாவற்றிலும் தூரிகையால் பூசினால், கசிகிற இடத்தில் குமிழி வளரும். இப்போது அந்தக் கிண்ணத்தில் ஊறுகாய். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பூச வேண்டும். வால்வுக்குள் இருக்கிற கறுப்பு ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அந்தச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பவர் முடிவைப் பார்க்க இருக்கமாட்டார். மணம் வந்தால் ரெகுலேட்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற, எந்த சுவிச்சையும் போடவும் வேண்டாம் நிறுத்தவும் வேண்டாம். "காஸ் போகட்டும்" என்று எக்ஸோஸ்ற் ஃபானைப் போடுகிறவர்தான் பொறியைக் கொடுக்கிறவர்.

வாசல் கிறில் கேற்றில் ஆமைப் பூட்டு. திறப்பு எங்கே என்று கேட்டதற்கு, "சாமியறையில, பிள்ளையார் படத்துக்குப் பின்னால" என்றார் அம்மா. கள்ளனுக்குத் தெரியாது, புகையில் தடவுகிற பிள்ளைக்கும் தெரியாது. உள்ளே, வெளியாளின் கை எட்டாத தூரத்தில், இருட்டிலும் எட்டக்கூடிய கொளுக்கியில் தொங்க வேண்டும்.

கடைசியாகப் பல்கனி. மூலையில் சாக்குக்குக் கீழே ஐந்து லீற்றர் கான். 2022இல் கியூவில் இரவிரவாக நின்று பிடித்த பெற்றோல், அந்தப் பாசத்தில் யாருக்கும் ஊற்ற மனம் வரவில்லை. பெற்றோல் வாயு உறைபனிக் குளிரிலும் பற்றக்கூடியது, கொழும்பு வெயிலில் பிளாஸ்டிக் கானின் மூடி விளிம்பால் கசிந்துகொண்டே இருக்கும். சின்னவன் காலையில் எரிகிற தாச்சியைக் கொண்டு வந்து வைக்கப் பார்த்த இடம் இதற்கு இரண்டடி தள்ளி. அவன் கானைப் பார்த்தான், பிறகு தன் கைகளைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை.

பல்கனிச் சுவர்க் கட்டின் மேல், கானுக்கு நேர் மேலே, மூடி. சனிக்கிழமைச் சோறும் எள்ளும் ஒட்டிக் காய்ந்திருந்தது. ஒரு வருஷமாக அதுதான் காகத்தின் தட்டம்.

அன்று பின்னேரமே குசினி வாசல் பக்கம் ஆணி அடித்து மூடியைக் கொளுவினார்கள். அடுப்புக்கு மேலே அடிக்கவில்லை. எரிகிற தாச்சிக்கு மேலால் கையை நீட்டி எடுக்கிற மூடி இருந்தும் இல்லாதது. பேனைக் குழாயைப் பிடுங்கி, வயர்மனை வரச் சொன்னார்கள். பெற்றோலை, அரை மனதோடு, பக்கத்து வீட்டு முச்சக்கர வண்டிக்காரர் கொண்டு போனார்.

அடுத்த சனி காகத்துக்கு ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் சோறு வைத்தார் அம்மா. காகம் வந்து, தலையைச் சாய்த்து, பழைய தட்டம் இருந்த இடத்தை ஒரு தரம் பார்த்தது. ஓரத்தில் ஒரு கொத்து. மூடி கவிழ்ந்தது. சோறு முழுக்க இரண்டாம் மாடிக்காரரின் ஏசிப் பெட்டிக்கு மேல்.