சான்றாவணமான கூலி நோட்டு

கோவில்பட்டியில் நீதிமன்றத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தில், விபத்து இழப்பீட்டு வழக்குகளும், உயில், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை போன்ற சொத்துக் காரியங்களும்தான் பெரும்பகுதி வேலை. ஜூனியராகச் சேர்ந்த புதிதில் இவை இரண்டும் தனித்தனித் தொழில்கள் என்றே நினைத்திருந்தேன். சீனியரோ கட்டுகளை வழக்கு வகைப்படி பிரிக்காமல், குடும்பவாரியாக ஒரே அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். அதன் காரணம் எனக்கு விளங்கியது ஒரு கொத்தனாரின் வழக்கில்தான்.

நான்குவழிச் சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்தவர் அவர், வயது 38. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தார்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகிய எல்லாம் கிடைத்துவிட்டன. கிடைக்காதது அவருடைய வருமானத்துக்கான ஆதாரம் மட்டுமே. சம்பளச் சீட்டு இல்லை. வங்கிக் கணக்கில் மானியத் தொகையைத் தவிர வேறு வரவு இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு, விபத்து இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்ப்பாயம் ஓர் உத்தேச வருமானத்தை வைத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் அவர்கள் உண்மையில் சம்பாதித்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

மூன்றாவது முறை வந்தபோது அவருடைய மனைவி மஞ்சள் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து, “இது எதுக்காவது ஆகுமாய்யா?” என்று தயங்கியபடியே மேசைமேல் வைத்தார். மாதத்துக்கு ஒரு பக்கம். வேலைக்குப் போன நாளுக்கு ஒரு கோடு, அரை நாளுக்குப் பாதிக் கோடு, போகாத நாளில் “மழை” அல்லது “காய்ச்சல்”. சனிக்கிழமைதோறும் மேஸ்திரியிடம் வாங்கிய தொகை, முன்பணமாகக் கழித்தது, ஓரத்தில் “பாப்பா பீஸ் 1,200”. சீனியர் அந்த நோட்டை அன்று மாலை முழுவதும் ஒவ்வொரு பக்கமாகக் கூட்டினார். நாள் கூலி 650 ரூபாய்; மாதம் சராசரியாக 23 நாள் வேலை; ஏறத்தாழ 15,000 ரூபாய்.

இந்தத் தொகைக்கும் தீர்ப்பாயம் வைத்துக்கொள்ளக்கூடிய 10,000 ரூபாய்க்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். சரளா வர்மா வழக்கில் 2009-இலும், பிரணாய் சேத்தி வழக்கில் 2017-இலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, 40 வயதுக்குக் குறைந்த சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும். நம்பியிருப்பவர்கள் நான்கு பேர் என்பதால் இறந்தவரின் சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். 36 முதல் 40 வயது வரை உள்ளவருக்கு ஆண்டு வருமானத்தை 15-ஆல் பெருக்க வேண்டும். 10,000 என்றால் 18,90,000 ரூபாய்; 15,000 என்றால் 28,35,000 ரூபாய். இறுதிச் சடங்கு போன்ற தலைப்புகளில் தருவது தனி. ஆக, அந்த நோட்டின் மதிப்பு 9,45,000 ரூபாய். இன்சூரன்ஸ் கம்பெனியின் வழக்கறிஞர், நோட்டை விபத்துக்குப் பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கலாம் என்று குறுக்கு விசாரணையில் கேட்டார். அது அவருடைய கடமை. மேஸ்திரியைச் சாட்சியாக அழைத்து, அவருடைய கணக்குப் புத்தகத்தின் தேதிகளோடு ஒப்பிட்டுக் காட்டியபின், நோட்டு ஒன்பதாவது சான்றாவணமாக ஏற்கப்பட்டது.

காயமடைந்து உயிர் பிழைத்தவர்களின் வழக்குகளிலும் இதே குறைதான். மருத்துவக் குழுமம் தரும் ஊன சதவீதம் உடலைப் பற்றியது. தொழிலில் ஏற்படும் இழப்பு அதிலிருந்து வேறுபடும் என்று ராஜ்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஒரு காலை இழந்த லாரி ஓட்டுநருக்குச் சான்றிதழ் எத்தனை சதவீதம் சொன்னாலும், ஓட்டுநர் வேலை முழுவதுமாகப் போய்விட்டது. ஆனால் அவர் ஓட்டுநராகத்தான் பிழைத்தார் என்பதற்குக் காகிதம் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பணத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். வருஷத் திதி கழியட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, மனு போட ஆறு மாதக் காலக்கெடு வந்துவிட்டது. அந்தத் தயக்கத்துக்குச் சட்டம் இடம் வைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். அதே நேரத்தில், பிணவறை வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்கிப் போகும் தரகர்களுக்குத் தயக்கமே இருப்பதில்லை. வரும் தொகையில் இத்தனை பங்கு என்று கட்டணம் பேசுவதை வழக்கறிஞர் மன்ற விதி தடை செய்கிறது. இருந்தும் அந்த வழியாகச் சென்று தொகையின் பெரும்பகுதியை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொத்தனாரின் வழக்கில் தீர்ப்பு வந்து சில மாதங்களுக்குப் பிறகு, அவருடைய தகப்பனார் வந்தார். தீப்பெட்டித் தொழிற்சாலையில் உழைத்து வாங்கிய மனை. அதில் முன்கட்டு மகன் தன் கையால் கட்டியது. உயிரோடு இருக்கும் இன்னொரு மகன், “அண்ணன் போனபிறகு மதினிக்கு இந்த வீட்டில் என்ன பங்கு?” என்று பேசத் தொடங்கியிருந்தான். இது ஊரெங்கும் பரவியிருக்கும் தவறான எண்ணம். பெரியவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய மனைவி, மகன், மகள், இறந்த மகனின் கிளை என நான்கு சமபங்குகள் உண்டு. அந்தக் கிளையின் பங்கு மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சேரும். ஆனால் பெரியவருக்குக் கால் பங்கு போதவில்லை. முன்கட்டு முழுவதும் அவர்களுக்கே வேண்டும் என்றார்.

சீனியர், மருமகள் உட்பட மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பயன் பெறுபவர் அறையில் இருந்தார் என்பதே பிற்காலத்தில் உயிலைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். “ஏன் மத்தவங்களுக்கு முன்கட்டுல பங்கில்ல?” என்று கேட்டார். “எம்மவன் எழுப்புன சுவருங்கய்யா. அவன் இல்லேன்னு அவன் புள்ளைகள வெளிய விடச் சொல்றீகளா?” சீனியர் அந்தக் காரணத்தை ஏறக்குறைய அவருடைய சொற்களிலேயே உயிலில் எழுதச் சொன்னார். “நல்ல திட சித்தத்துடனும் பிறர் தூண்டுதலின்றியும்” என்பது எல்லா உயிலிலும் இருக்கும் வாசகம். இந்த ஒரு வரி அவரால் மட்டுமே சொல்லக்கூடியது.

சாட்சிகள் விஷயத்தில் சீனியர் காட்டிய கண்டிப்புக்கு எங்கள் அலுவலகத்தின் பழைய தவறு ஒன்றே காரணம். முன்பு ஒரு உயிலுக்கு, மரியாதை கருதி, எழுதியவரைவிட மூத்த இருவரைச் சாட்சியாகப் போட்டிருந்தோம். வழக்கு வந்தபோது இருவருமே உயிரோடு இல்லை. சாட்சி ஒருவரின் கையெழுத்தையாவது அடையாளம் காட்ட வேண்டியிருந்ததால், கூட்டுறவுச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் அவருடைய கையெழுத்தைத் தேடி நான் பல நாட்கள் அலைந்தேன். அதற்குப் பிறகு வயதில் இளையவர்களையே சாட்சியாக வைக்கிறோம். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் தேவையில்லை. என்றாலும் பெரியவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று பதிவு செய்தோம். பதிவான உயில் வில்லங்கச் சான்றில் வராது என்பதால், அசல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை மகளிடம் சொல்லி வைக்கும்படி சீனியர் நினைவூட்டினார்.

உயில் நகலை அந்த விபத்துக் கட்டோடு சேர்த்தே கட்டி, அதே அலமாரியில் வைத்தோம்.

சிறுவர்களின் பங்கு 18 வயது வரை வங்கியில் வைப்புத்தொகையாக இருக்க வேண்டும் என்பது தீர்ப்பாயத்தின் உத்தரவு. மூத்த மகள் 18 வயது முடிந்து, கல்லூரிக் கட்டணத்துக்காக அந்தப் பணத்தைப் பெறும் மனுவில் கையெழுத்திட வந்தாள். கையெழுத்தைப் போட்டுவிட்டு, “அக்கா, அப்பா நோட்டு கோர்ட்ல இருந்து திரும்பக் கிடைக்குமா?” என்று கேட்டாள். மேல்முறையீட்டுக் காலம் கடந்துவிட்டதால், ஆவணத்தைத் திரும்பப் பெறத் தனி மனு போட்டேன். இரண்டு வாய்தாக்களுக்குப் பிறகு நோட்டு கைக்கு வந்தது. அட்டையில் நீதிமன்ற முத்திரையும் குண்டூசியின் துருக்கறையும் பதிந்திருந்தன. அவள் அலுவலகத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து, தன் பள்ளிக் கட்டணம் எழுதியிருந்த பக்கத்தைத் தேடத் தொடங்கினாள்.