கார் தவறிய வருடம்

9 ஜூன் 2023

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை நேற்றுதான் தொடங்கியது, ஒரு வாரம் தாமதமாக. அதே நாளில், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல்நினோ வந்துவிட்டதாக அமெரிக்க வானிலை மையம் அறிவித்திருக்கிறது. அப்பா ஜூனில் தொடங்கும் கார் நெல் சாகுபடிக்கு விதைநெல் எடுத்து வைத்துவிட்டார். பாபநாசம் அணை திறந்தால் நாற்றங்கால் போடலாம்.

எல்நினோ என்றாலே மழை பொய்க்கும் என்றும் சொல்லிவிட முடியாது. 1997-ல் அவ்வளவு பெரிய எல்நினோ, ஆனாலும் நாட்டில் வழக்கமான மழை. மேற்கு இந்தியப் பெருங்கடல் சூடேறி ஈடுகட்டியது. 2002-ல் அதைவிட மிதமான எல்நினோதான், மழை 19 சதவீதம் குறைந்தது.

2 செப்டம்பர்

1901 முதல் எடுத்த கணக்கில் இவ்வளவு வறண்ட ஆகஸ்ட் கிடையாதாம். நாடு முழுக்க 36 சதவீதம் குறைவு. பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் கடல் சூடாகும்போது காற்று அங்கே மேலெழுந்து நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் திரளாது. பொதிகை உச்சிப் பாறை வரை துலக்கமாகத் தெரிகிறது. இந்த மாதத்தில் அது மேகத்துக்குள் மறைந்து கிடக்க வேண்டும், அந்தச் சாரல்தான் ஓடையாகி அணைக்கு வரும். நாங்கள் கார் போடவில்லை.

11 அக்டோபர்

மேட்டூரை நேற்று மூடிவிட்டார்கள். வழக்கமாக ஜனவரி 28 வரை தண்ணீர் வரும். குடகு மலையில் மழை இல்லையென்றால் டெல்டா என்ன செய்யும்?

எங்களுக்கு இன்னும் வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. எல்நினோ ஆண்டுகளில் அது பெரும்பாலும் கூடுதலாகத்தான் பெய்யும். மேற்கு இந்தியப் பெருங்கடலும் இந்த முறை சூடாக இருக்கிறது. இந்த மழையில் விளையும் பிசான நெல்லுக்கு உழ ஆரம்பிக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

22 டிசம்பர்

இன்றுதான் கரண்ட் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மலையிலும் விடாமல் கொட்டியதில் தாமிரபரணி கரையை உடைத்து ஊருக்குள் வந்தது. எங்கள் வயலில் பிசான நடவு மணலுக்குள் கிடக்கிறது. ஓரத்தில் மட்டும் நுனி தெரிகிறது.

இந்த ஒரு மழையை எல்நினோ கணக்கில் எழுத முடியாது. ஆனால் கடல் இப்படி இருக்கும் வருடத்தில் காருக்குத் தண்ணீர் வராமல் போகலாம் என்று மே மாதமே விவசாயிகளிடம் சொல்லலாம். நவம்பரிலிருந்து அணையில் வெள்ளத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு வைக்கலாம். இதைக் கேட்டு மனு எழுதப்போகிறேன்.

13 ஜனவரி 2024

எல்நினோ ஏப்ரல், ஜூன் இடையே தணியும் என்று கணிப்பு வந்திருக்கிறது. மனுவில் அதையும் சேர்த்தேன். அப்பா விதைநெல்லை வெயிலில் காயவைத்திருக்கிறார்.